எந்த நாளிலிருந்து சம்மதம்

சுவிட்சர்லாந்தில் என்னை முதலில் வரவேற்றது சாக்கடை நாற்றம். சத்தியமாகச் சொல்கிறேன். ஃப்ரீபூர் என்கிற அந்த ஊர் பாதி மலைமேலும் பாதி ஆற்றங்கரையிலுமாக இருக்கிறது. இரண்டையும் இணைக்க ஒரு கயிற்று வண்டி உண்டு. மேல் ஊர்க் கழிவுநீரை வண்டியின் அடித்தொட்டியில் நிரப்புகிறார்கள். அந்தக் கனத்தில் அது கீழே இறங்க, கயிற்றின் மறுமுனையில் இன்னொரு வண்டி மேலே ஏறுகிறது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்ட என்னைப் பார்த்து, "மின்சாரமே தேவையில்லை, தெரியுமா?" என்று ஓர் அம்மாள் ஆங்கிலத்தில் பெருமைப்பட்டார். நம் ஊர்ச் சாக்கடை சும்மா கிடந்து நாறுகிறது. இவர்கள் அதையும் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

அது 2014 ஜூன். இரண்டு முழங்காலிலும் தேய்மானம், விமானத்தில் பொட்டுத் தூக்கமில்லை. போன காரியம் ஒரு வாரக் கருத்தரங்கு. பொருள், நடுக்காலத்தில் கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டம் எப்படி உருவாகி வளர்ந்தது என்பது. கேட்டதும் உங்களுக்குக் கொட்டாவி வருகிறதல்லவா? எனக்கும் வந்தது.

என் பிழைப்பு அப்படி. திருநெல்வேலிப் பக்கம் ஒரு மறைமாவட்டத்தின் திருமணத் தீர்ப்பாயத்தில் வேலை பார்க்கிறேன். கத்தோலிக்கருக்கு விவாகரத்து கிடையாது. ஆனால் "இந்தக் கல்யாணம் ஆரம்பத்திலேயே செல்லாது" என்று நிரூபித்தால் விடுதலை உண்டு. அப்படி யாராவது கேட்டு வந்தால், "இல்லை, செல்லும்" என்று கல்யாணத்தின் பக்கம் நின்று வாதாட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான். அடிபட்டவள், ஏமாந்தவன், முதலிரவிலேயே ஓடிப்போனவன், எல்லார் கதையையும் கேட்டுவிட்டு "இருந்தாலும் செல்லும்" என்று எழுத வேண்டும். வருஷக்கணக்காக எழுதி எழுதிச் சலித்துவிட்டது. மனிதர்கள் மேல் சலிப்பா, கல்யாணத்தின் மேல் சலிப்பா என்று எனக்கே தெரியவில்லை. எங்கள் தீர்ப்பாயத் தலைவரான சாமியார்தான், "ஒரு வாரம் நல்ல காத்து வாங்கிட்டு வாங்கம்மா" என்று அனுப்பிவைத்தார். நல்ல காற்றைத்தான் வந்ததும் வாங்கினேனே.

வகுப்பு காலை எட்டு மணிக்கெல்லாம் தொடங்கிவிட்டது. நெட்டையான ஒரு பேராசிரியர், குரலை ஏற்றாமல் இறக்காமல் பேசினார். ஆயிரம் வருஷமாகச் சங்கங்களும் ஆயர்களும் போப்பாண்டவர்களும் போட்ட விதிகள் மலையாகக் குவிந்து கிடந்தன. ஒன்று ஆகும் என்றால் இன்னொன்று ஆகாது என்றது. போதாக்குறைக்கு, பழைய போப்பாண்டவர்கள் பெயரில் எவனோ கள்ளத்தனமாக எழுதிச் சேர்த்தவை வேறு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் போலோஞ்யா நகரத்து ஆசிரியர் ஒருவர் முரண்பட்ட விதிகளை எதிரெதிரே நிறுத்தி, நடுவில் ஒரு கற்பனை வழக்கை வைத்து, எது எங்கே செல்லும் என்று பிரித்துக் காட்டினார். அதற்குப் பிறகு எல்லா ஊர் ஆயர்களும் "இப்படி ஒரு சிக்கல், என்ன செய்ய?" என்று ரோமைக் கேட்க ஆரம்பித்தார்கள். வந்த பதில்களைத் தொகுத்தார்கள், அதுவே சட்டமானது. சட்டம் மேலேயிருந்து இறங்கியது என்று நாம் நினைக்கிறோம். பாதிக்கு மேல் யார் வீட்டுச் சண்டையிலோ ஆரம்பித்திருக்கிறது.

மத்தியானம் பாலாடைக்கட்டியை உருக்கி ஒரு சட்டியில் கொதிக்க வைத்து, நீளக் கம்பியில் ரொட்டித்துண்டைக் குத்தி அதில் முக்கித் தின்னச் சொன்னார்கள். ரொட்டி சட்டிக்குள் விழுந்தால் பக்கத்தில் இருப்பவரை முத்தமிட வேண்டுமாம். என் பக்கத்தில் ஒரு போலந்துக்காரச் சாமியார். நான் கம்பியை உயிரைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டேன். அதே நேரத்தில் ஊரிலிருந்து வீட்டுக்காரர் போன். "மிளகாய்ப்பொடி எந்த டப்பால இருக்கு?" அவர் சத்தம் மேசை முழுக்கக் கேட்டது.

செவ்வாய்க்கிழமை ஒரு படத்தைத் திரையில் காட்டினார்கள். நடுக்காலச் சுவடிகளில் வரும் உறவுமரம். தாடிக்காரர் ஒருவர் கையை விரித்து நிற்கிறார். அவர் உடம்பு முழுக்கக் கட்டம் கட்டமாக உறவுமுறைகள். யார் யாரைக் கட்டலாம், கூடாது என்று பார்க்க. முதலில் ஏழு தலைமுறைக்குள் இரத்த உறவு இருந்தால் கல்யாணம் ஆகாது என்று வைத்திருந்தார்கள். பெண்டாட்டி சலித்துப்போன பிரபுக்கள் திடீரென்று தலைமுறைகளை எண்ண ஆரம்பித்து, "ஐயோ, இவள் எனக்குச் சொந்தமாமே!" என்று கழற்றிவிட்டார்கள். இந்தக் கூத்து பொறுக்காமல் பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏழு தலைமுறையை நான்காகக் குறைத்தார்கள்.

நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா மகனும் மாமா மகனும் ஒரே கட்டத்தில் இருந்தார்கள். கையைத் தூக்கி, எங்கள் ஊரில் சித்தப்பா மகன் அண்ணன், மாமா மகன் மாப்பிள்ளை என்றேன். அறை சிரித்தது. "எப்படி ஞாபகம் வைத்துக்கொள்கிறீர்கள்?" என்று ஒரு ஜெர்மானியர் கேட்டார். எல்லாரையும் கசின் என்று சொல்லிவிட்டு நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்களோ என்றேன். என் வீட்டுக்காரரே எனக்கு மாமன் மகன்தான். ஆயரிடம் விதிவிலக்கு வாங்கிக் கட்டினோம். எங்கள் பக்கத்தில் அது பஸ்ஸில் டிக்கெட் எடுப்பதுபோல.

அன்று சாயங்காலம் யூட் ஃபாதர் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், ரோமில் நாங்கள் ஒரே வகுப்பு. இப்போது பேர்ன் நகரில் இருந்துகொண்டு அந்தப் பக்கத்துத் தமிழ்க் கத்தோலிக்கர்களைப் பார்த்துக்கொள்கிறார். "அக்கா, ஒரு கலியாண அலுவல். நீங்கள் ஒருக்கா வந்து கதைக்கோணும்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. எதிலிருந்து தப்பி ஓடி வந்தேனோ அதுவே விமானம் ஏறி எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது. விஷயம் பாசெல் ஆயரின் கைக்குப் போக வேண்டும் என்றார். அப்படியானால் பாசெலுக்கே போய்விடுகிறேன் என்றேன். ஃபாதர் சிரித்தார். புராட்டஸ்டண்டுச் சீர்திருத்தக் காலத்துக் கலவரத்தில் பாசெல் ஆயர் பாசெலை விட்டுப் போனவர்தானாம். இப்போது அவர் இருப்பது சோலோதுர்ன் என்ற ஊரில்.

புதன்கிழமை மாலை ஃபாதர் என்னை பேர்னில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குக் கூட்டிப்போனார். வழியில் டிராமில் கதையைச் சொன்னார். பேணாட் எண்பதுகளில் அகதியாக வந்தவர். சில வருஷம் கழித்து ஊரிலிருந்து ஜெசிந்தாவை வரவழைத்துக் கட்டினார். ஜெசிந்தா அவருடைய சொந்த மாமன் மகள். பிறந்தபோதே இன்னாருக்கு என்று பேசி வைத்தது. கல்யாணத்துக்கு முன் சுவிஸ் சாமியார், "நீங்கள் இருவரும் இரத்த உறவா?" என்று கேட்டிருக்கிறார். ஜெசிந்தாவுக்கு ஜெர்மன் ஒரு சொல் தெரியாது. மொழிபெயர்த்தது பேணாட். முகாமில் கூட இருந்தவர்கள் ஏற்கெனவே அவரைப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள், சொந்தம் என்றால் வெள்ளைக்காரன் அருவருப்பாகப் பார்ப்பான், கல்யாணத்தையே நிறுத்திவிடுவான் என்று. அதனால் "இல்லை" என்று சொல்லிவிட்டார்.

ஊரில் சொல்லியிருந்தால் ஒரு கையெழுத்தில் முடிந்திருக்கும். சொல்லாததால் விதிவிலக்கு இல்லை. விதிவிலக்கு இல்லாததால் சட்டப்படி அந்தக் கல்யாணமும் இல்லை. இத்தனை வருஷம் யாருக்கும் தெரியாது. இப்போது மகள் ஷெரினுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை லூக்காஸ் என்ற சுவிஸ் பையன். முன்னேற்பாட்டுக்குப் பங்குச் சாமியாரிடம் போன இடத்தில், "நீங்கள் உறவா?" என்ற அதே கேள்வி வந்திருக்கிறது. "நாங்க இல்லை, அப்பாவும் அம்மாவுந்தான்" என்று ஷெரின் சிரித்துக்கொண்டே சொன்னாள். "அதற்கு அனுமதி வாங்கியிருப்பார்களே" என்றார் அவர். பக்கத்தில் இருந்த ஜெசிந்தாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. செல்லாத கல்யாணத்தில் வாழ்கிறவர் வாங்கக் கூடாது என்று, அன்றிலிருந்து கோயிலில் நன்மை, அதாவது பூசையில் கொடுக்கும் நற்கருணை அப்பம், வாங்குவதில்லை. எல்லாரும் எழுந்து வரிசையில் போகும்போது பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

"ஆயர் வேரிலையே குணமாக்கிவிடலாம் அக்கா. அவையள் ரெண்டு பேருக்கும் இப்பவும் சம்மதம் எண்டால் போதும். ஜெசிந்தாக்காதான் ஓம் எண்டு சொல்லுறாவில்லை" என்றார் ஃபாதர்.

வேரிலே குணமாக்குதல் என்பது நடுக்காலக் கடைசியில் ராஜா வீட்டுக் கல்யாணங்களுக்காகப் போப்பாண்டவர்கள் கண்டுபிடித்த வழி. செல்லாத கல்யாணத்தை முதல் நாளிலிருந்தே செல்லும் என்று ஆக்கிவிடுவது. பிறகு அது சாதாரண சனங்களுக்கும் வந்து சேர்ந்தது.

மூன்று நாள் பாலாடைக்கட்டிக்குப் பிறகு அந்த வீட்டில் இடியப்பமும் மீன் சொதியும் கத்தரிக்காய்ப் பிரட்டலும் வைத்தார்கள். வெட்கமில்லாமல் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். ஜெசிந்தா பரிமாறினார். ஆஸ்பத்திரிச் சலவையறையில் வேலை. கை இரண்டும் வெந்து வெளுத்துப் போயிருந்தன. பேணாட் இரவு வேலைக்குப் புறப்பட்டு நின்றார். ஒரு பேக்கரியில் விடிய விடியப் பாண் என்று அவர்கள் சொல்லும் ரொட்டி சுடுகிறவர்.

"இருவத்தஞ்சு வருசம் ஒண்டா இருந்திட்டு இப்ப வந்து சம்மதமோ எண்டு கேக்கிறது! உலகத்தில நடக்கிற கதையே இது, சொல்லுங்கோ?" என்றார் என்னிடம்.

"அம்மா, ஒரு உன்டர்ஷ்ரிஃப்ட் தானே! போட்டிட்டு வாங்கோவன்" என்றாள் ஷெரின். கையெழுத்தைத்தான் சொல்கிறாள் என்று எனக்கே புரிந்தது. "என்ர கலியாணத்துக்கு நீங்கள் பெஞ்சில இருந்தா லூக்காஸின்ர ஆக்கள் என்ன நினைப்பினம்?"

ஜெசிந்தா சொதிச்சட்டியை மூடினார். "வெள்ளிக்கிழமை வாறன் எண்டுதானே சொன்னனான்" என்றார். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமைக்கு சோலோதுர்னில் நேரம் கேட்டு வைத்திருந்தார் யூட் ஃபாதர். அன்று அவருக்கு வேறு ஊரில் பூசை; அதனால் தம்பதியோடு என்னை அனுப்பினார். சலவையறை அளவுக்கு மேல் ஜெர்மன் தெரியாத ஜெசிந்தாவுக்கு இந்த முறை மொழிபெயர்ப்பது கணவராக இருக்கக் கூடாது. ஆயரகத்தில் கல்யாண விஷயங்களைக் கவனிக்கிற சாமியாருக்கு இத்தாலியன் தெரியும். ரோமில் படித்த புண்ணியத்தில் எனக்கும் தெரியும். என் மனசுக்குள் ஒரு கணக்கு இருந்தது. எத்தனை கல்யாணத்தைக் காப்பாற்றியிருக்கிறேன், இது எம்மாத்திரம், ரயிலில் போகும்போதே பேசிச் சம்மதிக்க வைத்துவிடலாம் என்று.

பேர்ன் நிலையத்தில் பிளாட்பாரத்திலேயே சண்டை. பேணாட் இரவு வேலை முடித்து நேரே வந்திருந்தார். சட்டையில் மாவு, கண்ணெல்லாம் சிவப்பு. "மகளின்ர கலியாணத்தைக் குழப்பப் போறீர், பாரும்" என்றார். "நான் இன்னும் வாயே துறக்கேல்லை" என்றார் ஜெசிந்தா. பேணாட் விறுவிறுவென்று போய்க் கடைசிப் பெட்டியில் ஏறிக்கொண்டார். நாங்கள் முன்பெட்டியில் உட்கார்ந்தோம்.

இந்த ஊர் ரயில்களில் ஒரு பழக்கம் இருக்கிறது. வழியில் ஒரு நிலையத்தில் வண்டி இரண்டாகப் பிரியும்; முன்பாதி ஓர் ஊருக்கு, பின்பாதி வேறோர் ஊருக்கு. ஒலிபெருக்கியில் சொல்வார்கள். எல்லாருக்கும் தெரியும், பேணாட்டுக்கும் தெரியும். ஆனால் அவர் பின்பாதியில் நன்றாகத் தூங்கிவிட்டார். ஜெசிந்தாவின் போன் அடித்தபோது வண்டி பிரிந்து நாங்கள் சோலோதுர்ன் பாதையில் போய்க்கொண்டிருந்தோம்.

"இஞ்சேரப்பா, எங்கை நிக்கிறியள்?"

போனிலிருந்து அவர் கத்தியது எனக்கே கேட்டது. "எங்கையெண்டு எனக்கெப்பிடித் தெரியும்? இஞ்சை மாடுதான் நிக்குது!"

ஜெசிந்தா சிரித்தார். வாயைக் கையால் மூடிக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். எதிரே பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவர், இது அமைதியான பெட்டி என்று சன்னல் ஒட்டுப்படத்தைச் சுட்டிக் காட்டினார். அந்தச் சிரிப்பு அடங்கும்போது ஜெசிந்தா பேச ஆரம்பித்தார்.

"நான் வந்து ஒரு கிழமைதான் அக்கா. குளிர். ஆரோ தந்த வெள்ளைச் சட்டை, தோளால வழியுது. பீடத்துக்கு முன்னால நிக்கேக்க சுவாமி என்னைப் பாத்து ஏதோ கேட்டார். இவர் 'யா சொல்லும்' எண்டார். யா எண்டன். பிறகு என்ன கேட்டவர் எண்டு இவரைக் கேட்டன். 'அது சும்மா' எண்டிட்டார்."

"பிடிக்காமலா கட்டினீங்க?"

"பிடிக்கிறது பிடிக்காதது ஆர் பாத்தது? மாமி மகன். அவருக்குத்தான் எண்டு எனக்கு விளங்கிற வயசுக்கு முதலே எல்லாருக்கும் தெரியும். அவரும் ஒருநாளும் கேக்கேல்லை. கேக்கிறதுக்கு என்ன இருக்கு? உரிமைதானே."

என் வாதமெல்லாம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் வாய் வேறொன்றைச் சொன்னது. எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் இதே கேள்விக்குத்தான் பாரிஸ்காரர்களும் போலோஞ்யாக்காரர்களும் மல்லுக்கு நின்றார்கள் என்றேன். கல்யாணத்தை எது கல்யாணமாக்குகிறது? அப்பன் பேசி முடிப்பதா, ஒன்றாகப் படுப்பதா, சொல்லா? கடைசியில் போப்பாண்டவர்கள் சொல் என்றார்கள். அவனும் அவளும் வாய்விட்டுச் சொல்கிற சம்மதம். அப்பனும் பண்ணையாரும் கொதித்துப் போனார்கள். தொழுவத்தில் நின்று இரண்டு பேர் சொல்லிக்கொண்டாலே கல்யாணம் என்றாகிவிட்டதே! அதோடு, மிரட்டி வாங்கின சம்மதம் சம்மதமில்லை என்றும் சொல்லிவிட்டார்கள்.

"பெட்டையளுக்குமோ?"

"பொண்ணுங்களுக்கும்தான். ரெண்டு பேர் சொல்லும் ஒரே எடை."

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அடுத்ததையும் சொல்லித் தொலைத்தேன். வேரில் குணமாக்குவதில் ஒரு விதி இருக்கிறது. முதல் நாளில் உண்மையான சம்மதம் இருந்தால் முதல் நாளிலிருந்து குணமாகும். அன்றைக்கு இல்லாமல் பிற்பாடு ஒரு நாள் சம்மதம் வந்திருந்தால், அந்த நாளிலிருந்துதான் குணமாகும். "அதனால கேக்குறேன் ஜெசிந்தா. அன்னைக்கு இல்லேன்னா, எந்த நாள்ல இருந்து?"

ரயில் நிற்கிறவரை யோசித்தார். "வேலையால வரேக்க எனக்குச் சுடச்சுடப் பாண் கொண்டு வருவார் அக்கா. ஷெரின் பிறக்கேக்க ஆஸ்பத்திரியில மயங்கி விழுந்தவர். எனக்கு ஒப்பரேசன் நடந்த நேரம் ஒரு மாசம் உடுப்பெல்லாம் தோச்சவர். நல்ல மனுசன்தான். ஆனா அதெல்லாம் அவரின்ர ஓம். என்ர ஓம் எங்கை?"

ரயிலிலேயே பேசிச் சம்மதிக்க வைக்கலாம் என்ற என் கணக்கைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு இறங்கினேன்.

சோலோதுர்ன் அழகான ஊர்தான், என் முழங்காலுக்குத்தான் பிடிக்கவில்லை. அந்த ஊருக்குப் பதினொன்று என்றால் பைத்தியம். பேராலயத்தில் மணி பதினொன்று, பீடம் பதினொன்று, படிகளும் பதினொன்றின் கணக்கில். ஏறிப் பார்க்கவில்லை, கீழேயிருந்தே கும்பிடு போட்டேன். ஆயரகத்தில் எங்களுக்காகக் காத்திருந்த சாமியார் வெள்ளைத் தலை, கால்சட்டையில் சைக்கிள் கிளிப்பைக் கழற்ற மறந்திருந்தார். பேணாட் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்கிறவரை எங்களுக்குக் காப்பி கொடுத்து, என் கருத்தரங்கைப் பற்றி விசாரித்தார். நம் ஊர் காப்பியைக் குடித்தவளுக்கு அது வெறும் கறுப்புத் தண்ணீர்.

பேணாட் உட்கார்ந்ததும் சாமியார் நேரே விஷயத்துக்கு வந்தார். பொய் சொன்னது பயத்தால்தானே என்று கேட்டார். ஆமென்று பேணாட் தலைகுனிந்தார். பிறகு சாமியார் ஜெசிந்தாவைப் பார்த்து மெதுவாக ஜெர்மனில் ஏதோ கேட்டார்.

"யா, யா" என்று ஜெசிந்தாவுக்காகப் பேணாட்டே ஆமாம் போட்டார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. "நீங்க கொஞ்சம் வாயை மூடுங்க!" என்று கத்திவிட்டேன். ஆயரகத்தில், தமிழில், அந்தச் சத்தத்தில். சாமியார் மொழி தெரியாமலே புரிந்துகொண்டார். என் பக்கம் திரும்பி, நீங்களே கேளுங்கள் என்றார்.

"ஜெசிந்தா, பேணாட் உங்க புருஷனா இருக்க உங்களுக்குச் சம்மதமா? யாருக்காகவும் இல்ல. உங்களுக்கு." ஒரு மூச்சு விட்டேன். "இல்லைன்னும் சொல்லலாம்மா."

கல்யாணங்களைக் காப்பாற்றுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள் சொல்லக்கூடிய வார்த்தையா அது? சொல்லிவிட்டேன்.

ஜெசிந்தா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி சொன்னார்: "இண்டைக்கு இல்லை. மூண்டு கிழமையில மகளின்ர கலியாணம் எண்டு சொல்லி எல்லாரும் நெருக்குறியள். நெருக்கிச் சொன்ன ஓம் என்னட்டை ஏற்கெனவே ஒண்டு கிடக்கு. இன்னொண்டு வேண்டாம்."

நான் மொழிபெயர்த்தேன். பேணாட் வாயைத் திறந்து, என்னைப் பார்த்து, மூடிக்கொண்டார். சாமியார் பேனாவை மூடினார். "எண்ணூறு வருஷமாக நாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம், நெருக்கி வாங்கியது சம்மதமல்ல என்று. யாராவது அதை நம்பி வந்தால் கோபித்துக்கொள்ள முடியுமா? காத்திருப்போம்" என்றார்.

வெளியே பேராலயப் படியில் பேணாட் உட்கார்ந்துவிட்டார். இரவு முழுக்க நின்ற கால். "அக்கா, நான் இனி என்ன செய்யிறது?" என்று கேட்டார். சண்டைக்காரர் குரல் இல்லை அது. காத்திருங்கள் என்றேன். அதைத்தான் அவர் செய்து பார்த்ததே இல்லை. திரும்பும்போது ஒவ்வொரு பெட்டியின் பலகையையும் படித்துப் பார்த்து, எங்கள் பெட்டியிலேயே எதிர் வரிசையில் உட்கார்ந்தார். எனக்கு முழங்கால் வலித்தது.

ஊருக்கு வந்து சேர்ந்தேன். சமையலறையில் மிளகாய்ப்பொடி சர்க்கரை டப்பாவில் இருந்தது. தீர்ப்பாயத் தலைவர், காற்று எப்படி என்று கேட்டார். நல்ல காற்று என்றேன். ஒருநாள் சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் கேட்டேன்: "நம்ம கல்யாணத்துல சாமியார் சம்மதமான்னு என்னைக் கேட்டாருல்ல?"

"கேட்டாரு. உங்க அம்மா பின்னால நின்னு கிள்ளினாங்க. பாத்தேன்."

"பாத்தீங்களா? பாத்துட்டுச் சும்மாவா இருந்தீங்க?"

"நீ ஆமான்னுட்டியே" என்று ரசத்தை ஊற்றிக்கொண்டார். அன்று ராத்திரி எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

ஷெரினின் கல்யாணப் படங்களை யூட் ஃபாதர் அனுப்பினார். ஜெசிந்தா நீலப் பட்டில் இருந்தார். நன்மை வாங்க எழுந்திருக்கவில்லையாம். தமிழ் ஆட்கள் முணுமுணுத்தார்களாம். பெஞ்சில் அவர் பக்கத்திலேயே பேணாட்டும் உட்கார்ந்துவிட்டாராம், வரிசையில் போகாமல். ஷெரின் இருவரையும் பார்த்து அழுதாளாம். லூக்காஸின் ஆட்கள் ஒன்றுமே நினைக்கவில்லை.

பிறகு ஆகஸ்டில் ஒருநாள். காலையில் அலுவலகத்தில் "இருந்தாலும் செல்லும்" என்று எழுதிக்கொண்டிருந்தபோது போன். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும்.

"அக்கா, ஜெசிந்தா கதைக்கிறன். அண்டைக்கு ரெயினில கேட்டீங்கள், எந்த நாளிலையிருந்து எண்டு. எழுதிக்கொள்ளுங்கோ. இண்டையிலையிருந்து."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். "இன்னைக்கு என்ன விசேஷம்?"

"ஒண்டுமில்லை அக்கா. இண்டைக்கு ஒரு விசேசமும் இல்லை, ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. இவர் வேலையால வந்து வாசல்ல இருந்து சப்பாத்துக் கழட்டிக்கொண்டிருந்தார். பாத்துக்கொண்டு நிண்டன். எனக்குச் சம்மதம் எண்டன். நானாத்தான் சொன்னன்."

"அவர் என்ன சொன்னார்?"

"கழட்டின சப்பாத்தைத் திரும்பப் போட்டிட்டார். ஃபாதரிட்டைப் போவம் வாரும் எண்டு கதவைத் துறந்துகொண்டு நிக்கிறார், அக்கா. விடிய விடிய நிண்ட மனுசன். ஃபாதர் இன்னும் எழும்பியிருக்கமாட்டார், முதல்ல ஒருக்கா இருந்து தேத்தண்ணியைக் குடியுங்கோ எண்டு சொல்லியிருக்கிறன்."